மாப்பிள்ளை நடந்த ஊர்

கலீலுர் ரஹ்மான் வீட்டில் மாப்பிள்ளையிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று எவரும் சொல்லி வைத்ததில்லைதான். அவருடைய ஊர்ப் பக்கத்துக் கடற்கரைப் பட்டினங்களில் கல்யாணமான பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பான். வந்தவன் முகம் கோணிவிடக் கூடாது என்பது அந்த வீட்டின் அன்றாடக் கவலை. அந்தக் கவலையை அவர் துபாய்க்கும் எடுத்துவந்தார். அல் குசைஸில் மூன்றாம் மாடியில் வீடு பிடித்தபோது, காற்று வரும் பெரிய அறை மாப்பிள்ளை அறை ஆயிற்று. அவரும் மனைவி ரஹீமா பீவியும் சமையற்கட்டை ஒட்டிய சின்ன அறைக்குள் ஒடுங்கிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை அம்மார் உட்கார வந்தால் விரிப்பு அவன் காலடியில் விரியும். கையலம்பும் சட்டி கைக்கு நேராக வரும். தண்ணீர் எப்போதும் வலப்பக்கம், ஒரே இடத்தில். மீனுக்கு முள் எடுத்துத்தான் மகள் நஜீஹா தட்டில் வைப்பாள். அவன் வெளியே கிளம்பும் முன் செருப்பு வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். நான்கு வருஷமாக இதில் ஒரு நாளும் பிசகியதில்லை.

அப்படிப்பட்ட மாப்பிள்ளைதான் மார்ச் மாதம் மொம்பாசாவுக்குப் போனான். திரும்பி வரவில்லை.

துபாயின் தேரா பகுதியில் கலீலுர் ரஹ்மானுக்கு ஒரு சின்னக் கடை. பழைய டயர், பழைய பிரிட்ஜ், கம்ப்ரசர் வாங்கி, கிரீக் என்னும் கடற்கழியில் நிற்கும் மரக்கலங்களில் ஏற்றி ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்புவார். அங்கே இறக்கி எண்ணிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். இருந்த ஆள் ஊருக்குப் போனதும், "நான் போறேன் மாமா" என்றான் அம்மார். மாப்பிள்ளை சொல்லிவிட்டால் வேண்டாம் என்று சொல்வது எப்படி? தென்மேற்குக் காற்றில் கடல் கெட்டு, ஜூனில் மரக்கலங்கள் நின்றதும் வந்துவிடுவதாகப் பேச்சு. ஜூன் போயிற்று. ஆகஸ்டில் அவன் போன் வருவது நின்றது. செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே சரக்கு எடுக்கும் பாவஸீர் என்ற ஏமன் நாட்டு வம்சத்து வியாபாரி பேசினார். நலமாகத்தான் இருக்கிறான், தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னான், அவ்வளவுதான், கலாஸ்.

அன்று ரஹீமா பீவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கலீலுர் ரஹ்மான் சமையற்கட்டு வாசலில் நின்று சொன்னதும் கழுவுவதை நிறுத்தவில்லை.

"போன்லெ கூப்பிட்டு நேராக் கேளுங்களேன்."

"மாப்பிள்ளைகிட்டெ என்னத்தெக் கேக்கச் சொல்றே?"

"அங்கெ இன்னொருத்தி இரிக்காளான்னு கேளுங்கோ. வேற என்னத்தெக் கேக்க? கப்பல்லெ போனவஹ எத்தனை பேரு அங்கெயே குடும்பம் வச்சிக்கிட்டாஹ. நம்ம தெருவுலெயே ரெண்டு வீடு இரிக்கி."

"மெதுவாப் பேசு. புள்ளெ இரிக்கி."

"புள்ளெக்குத் தெரியாமலா இரிக்கி?"

பெரிய அறையில் ஏ.சி. நின்றது. பிறகு நஜீஹா வெளியே வந்தாள். அழுத முகமாக இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நானும் வாறேன் வாப்பா."

"நீ என்னத்துக்கும்மா? நான் போயி பாத்துட்டு..."

"நீங்க போயி எதிர்லெ உக்காந்து, சாப்பிட்டீங்களா மாப்பிள்ளைன்னு கேட்டுட்டு அடுத்த பிளைட்லெ வந்துருவீங்க."

ரஹீமா பீவி அந்த நேரத்திலும் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கூட்டிட்டுப் போங்கோ. இவளாவது கேப்பா."

போகிற முந்தின நாள் கலீலுர் ரஹ்மான் கிரீக் கரைக்குப் போனார். வேலை ஒன்றுமில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. சீசன் தொடங்கப்போகிற மும்முரத்தில் மரக்கலங்கள் மூன்று நான்கு வரிசையாகக் கட்டிக் கிடந்தன. கரையெல்லாம் சரக்கு. சுமை ஏற்றும் ஆட்களுக்குத் தலைவன் சோலைமுத்து, முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன், பிரிட்ஜ் ஒன்றைக் கயிற்றில் மாட்டிவிட்டு "யல்லா, இழு" என்று கத்தினான். அவரைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு வந்தான்.

"மாப்ளயத் தேடியா போறீக பாய்?"

"யார் சொன்னா?"

"இங்கன யாரு சொல்லணும்? உங்க மூஞ்சிதான் சொல்லுது." டயர் ஒன்றைப் புரட்டிப் போட்டு அவர் உட்கார இடம் செய்தான். "தவறிப் போற ஆளு இல்ல பாய் அவரு. அஸர் தொழுதுட்டு வருவாரு. இந்த மொனையில இருந்து அந்த மொனை வரைக்கும் கண்ண மூடிக்கிட்டு நடப்பாரு. இந்த வேகாட்டுல துபாயில நடக்குற ஒரே மனுசன் அவருதான். எங்க பயலுக, பாய்கிட்ட காரு இருக்கு, மாப்ளைக்கு மட்டும் பஸ்ஸுக்குக் கூடக் குடுக்கலையான்னு கேப்பானுக."

"கார் வாங்கித் தாறேன்னேன். லைசென்ஸ் எடுங்கன்னேன். வேணாம்னுட்டாஹ."

"நடக்குற ஆளுக்கு எதுக்கு காரு." சோலைமுத்து எதையோ நினைத்துச் சிரித்தான். "ஒரே ஒரு நா, வழக்கமா வைக்காத எடத்துல டயர அடுக்கிட்டோம். நேரா வந்து அதுல முட்டி விழுந்தாரு பாய். பட்டப்பகல்ல. ஓடிப் போயித் தூக்குனேன். ஏன் சார், பாக்கலையான்னேன். எடத்த மாத்துனது நீயி, என்னையக் கேக்குறியான்னு சிரிக்காரு."

கலீலுர் ரஹ்மானும் சிரித்தார். மனசு அதில் நிற்கவில்லை. கூடாரம் போல வளைந்து நிற்கும் கலங்களையும் அதில் ஏறும் சரக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகச் சரக்கு போகிற ஊர். ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த ஊரில் ஒரு வீடு இருக்குமோ, அந்த வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் செருப்பு கிடக்குமோ என்று இப்போது தோன்றியது. அந்தச் செருப்பை எவள் திருப்பி வைப்பாள்?

மொம்பாசாவில் துபாய் வெயில் இல்லை. வானம் மூடியும் திறந்துமாக இருந்தது. பாவஸீரின் கடை பழைய துறைமுகத்துக்கு மேலே, தெரு இறங்கித் திரும்பும் இடத்தில். பெரிய மனிதர், பெரிய தொப்பை. சுண்டைக்காய் அளவு கிண்ணத்தில் கசப்புக் காப்பி கொடுத்தார். அரபியும் இந்தியும் கலந்து பேசினார். மாடியில் அம்மாருக்கு அறை கொடுத்திருந்தாராம். படி செங்குத்தாக இருக்கிறது என்று போன மாதம் காலி செய்துகொண்டு போனானாம்.

"எங்கே?"

"உள்ளேதான் எங்கேயோ. கேட்டால் சிரிப்பான். கலம் வந்தால் எவனாவது பயலை அனுப்பிக் கூப்பிடுவோம், வருவான். இப்போது கலமும் மாஃபி, ஒன்றும் இல்லை." பாவஸீர் கையை விரித்தார். "நடப்பான் பாய். ஒரே நடை. உங்களுக்குக் கோட்டையைப் பார்க்க வண்டி சொல்லட்டுமா? வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் அதைத்தான் பார்ப்பார்கள். நாளைக்குள் அவனே வந்துவிடுவான்."

"வேணாம் வாப்பா," என்று நஜீஹா தமிழில் சொன்னாள். "நடந்து போவோம். வழி எனக்குத் தெரியும்."

கலீலுர் ரஹ்மானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன் விமானத்தை விட்டு இறங்கியவள்.

கடைக்கு வெளியே வந்து அவள் நின்றாள். கறுப்பு அபாயாவில், அந்தத் தெருவில் போகும் பெண்கள் நடுவில், அவள் வேற்றூர்க்காரியாகத் தெரியவில்லை. அவர்தான் மந்தையை விட்டுத் தப்பிய ஆடு மாதிரி முழித்தார்.

"கடல் காத்து முதுகுலெ அடிக்கணும்," என்று முனகிக்கொண்டு திரும்பி நின்றாள். "இப்படித்தான்."

அப்போதுதான் அவருக்குப் போன் பேச்சு ஞாபகம் வந்தது. அந்தி நேரத்து மக்ரிப் தொழுகைக்கு முன்னால், பெரிய அறைக் கதவு பாதி திறந்திருக்க, அவள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். இன்னைக்கு எந்தப் பக்கம் போனீங்க? பிறகு ம்... ம்... பொறவு? என்றுதான் கேட்கும். புருஷன் பெண்டாட்டி பேச வேறு பேச்சே இல்லையா என்று அவர் ரஹீமாவிடம் கேட்டிருக்கிறார். தெருவைப் பத்தித்தான் பேசிக்குதுஹ, உங்களுக்கு என்ன என்றாள் அவள்.

மீன் ஏலம் போடும் கொட்டகையைத் தாண்டி நடந்தார்கள். கல்தளம் ஈரமாக வழுக்கியது. ஒருவன் பெரிய சுறாவைச் சங்கிலி கட்டி இழுத்துப் போனான். மீன் வாடை மெல்லக் குறைந்த இடத்தில் நஜீஹா நின்று மூச்சை இழுத்தாள். ஏலக்காய் வாசனை. ஒரு சந்து முனையில் எண்ணெய்ச் சட்டியில் முக்கோண மாவுப் பலகாரம் உப்பி மிதந்தது.

"இங்கெ வலப்பக்கம்."

"தெருப் பேரு சொன்னாஹளா?"

"இல்லெ வாப்பா. வாடை முடியிற எடத்துலெ வாசம், அங்கெ வலப்பக்கம்னாஹ."

"வீட்டுக்கு அடையாளம்? கதவு, கலரு, மாடி..."

"அதெல்லாம் சொல்லலெ."

சந்து குறுகிக்கொண்டே போனது. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் படும். சுவரெல்லாம் பவழக்கல், சுண்ணாம்பு உதிர்ந்து சொரசொரத்துக் கிடந்தது. மேலே மரத்தாழ்வாரங்கள் ஒன்றையொன்று முட்டின. ஒரு வீட்டுக்குள் பிள்ளைகள் ஒரே குரலில் ஓதினார்கள். இன்னொரு இடத்தில் தச்சன் உளி தட்டினான்; காலடியில் மரத்தூள் மெத்தென்றது. நஜீஹா வலக்கையைச் சுவரில் வைத்துக்கொண்டே நடந்தாள். ஏன் அப்படி நடக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

வாசல்தோறும் பெண்கள். மாவு பிசைகிறவர்கள், தலை பின்னுகிறவர்கள், சும்மா இருப்பவர்கள். வெளுத்த கறுப்பு, முழுக் கறுப்பு, அரபு மூக்கு, இந்திய நெற்றி. யாராவது சிரித்து, வாங்க என்கிற மாதிரி "கரிபு" என்றால் கலீலுர் ரஹ்மான் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். இவளாக இருக்குமோ. ஒவ்வொரு கதவு நிலையிலும் கீழே கிடக்கும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஒரு மனிதன் தெருவை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிறான் என்றால், சும்மாவா நடந்திருப்பான்? எதையோ தேடி, எவளையோ தேடி நடந்திருக்கிறான்.

"இதெல்லாம் ஏன் ஒங்கிட்டெ சொல்லணும்?" என்று கடைசியில் கேட்டார்.

"நான் கேட்டேன். சொன்னாஹ."

"இல்லெம்மா. ஒளிச்சு வைக்கணும்னா ஏன் சொல்லணும்னு கேக்கறேன்."

அவள் நடையைக் கூட்டினாள்.

சந்துகள் முடிந்து பெரிய ரோடு வந்தது. சின்ன வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு, ஆட்கள் தொங்கிக்கொண்டு பாய்ந்தன. "இந்த ரோட்டைக் கடக்கத்தான் அவஹளுக்கு வெறுப்பு. யாராவது பொம்பளைங்க கடக்கும்போது பின்னாலெயே போயிருவேன்னாஹ," என்றாள். அதைக் கேட்டு அவர் முகம் சுருங்கியதை அவள் பார்க்கவில்லை. அப்புறம் சந்தை. மஞ்சள் தூள், கிராம்பு, மூட்டை மூட்டையாக. சந்தையைத் தாண்டிப் போண்டேனி என்கிற பகுதி. இங்கே கேமராவோடு வரும் வெளிநாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. கல்வீடு குறைந்து மண்சுவரும் தகரக் கூரையுமாக வந்தது. கரியடுப்புப் புகை. தகரத்தில் உப்புக் காற்று விழுந்து கூரையெல்லாம் துரு.

மூன்று சந்து கூடும் இடத்தில் நஜீஹா தடுமாறினாள்.

"இங்கெ ரேடியோ பாடணும்," என்றாள். "வெல்டிங் கடையும் ரேடியோவும். ரேடியோவைப் பாத்துப் போகணும்னாஹ."

வெல்டிங் கடை பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. ரேடியோ இல்லை. அவள் இந்தச் சந்தில் நாலடி போனாள், திரும்பினாள், அந்தச் சந்தில் போய் மூக்கை நிமிர்த்தினாள், திரும்பினாள். பூனைக்குட்டியைத் தொலைத்த பிள்ளை மாதிரி நின்றாள். கலீலுர் ரஹ்மான் களைத்துப்போய் எதிரே பார்த்தார். ஒரு நீளச் சுவர். அடிக்கிற மஞ்சள். அதில் ஆள் உயரத்துக்கு ஒரு சிவப்புப் பாய்மரப் படகு வரைந்திருந்தது. ஒரு மைல் தூரத்திலிருந்து கண்ணைக் குத்தும்.

"இவ்வளவு பெரிய மஞ்சச் சுவரு நிக்கிது. ரேடியோவைச் சொன்ன மனுஷன் இதெச் சொல்லலியா?"

நஜீஹா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்திரை இல்லாத அந்த முகத்தில் ரத்தம் சுண்டுவதை அவர் கண்ணால் கண்டார்.

"வாப்பா."

"என்னம்மா?"

"அவஹ இந்த ஊர்லெ எதுக்குமே கலர் சொன்னதில்லெ."

அவர் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாசம் சொன்னாஹ. சத்தம் சொன்னாஹ. கால்லெ என்ன படும், கையிலெ என்ன படும்னு சொன்னாஹ. அஞ்சு மாசமா ஒரு கதவு பச்சைன்னு சொல்லலெ. ஒரு பொம்பளெ கறுப்பா வெளுப்பான்னு சொல்லலெ." அவள் குரல் இறங்கியது. "ராத்திரியானா வெளியெ போகமாட்டாஹ வாப்பா. மக்ரிபுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துருவாஹ. எவ்வளவு நல்ல புள்ளென்னு உம்மா சொல்லுவா."

கலீலுர் ரஹ்மான் அந்த மஞ்சள் சுவரை ஒட்டி உட்கார்ந்துவிட்டார். கார் வேண்டாம் என்றது. படி செங்குத்தாக இருக்கிறது என்றது. டயர். எடத்த மாத்துனது நீயி. ஒவ்வொன்றாக வந்து எதிரே நின்றன. நான்கு வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்தவனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது எப்படித் தெரியாமல் போகும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? தண்ணீர் கைக்கு வந்தது. சட்டி கைக்கு வந்தது. முள் எடுத்த மீன் வந்தது, செருப்பு திரும்பியே கிடந்தது. தேடி எடுக்க வேண்டியது ஒன்றுகூட அந்த வீட்டில் அவனுக்கு வைக்கவில்லை. மரியாதை குறையக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்களே, அதற்குள்ளேயே அவன் ஒளிந்துகொண்டான்.

இன்னொருத்தி இல்லை என்ற நிம்மதி ஒரு நொடி வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. கண் போகத் தொடங்கியது கல்யாணத்துக்கு முன்னா, பின்னா? முன்னால் என்றால் மாப்பிள்ளை வீட்டார் ஏமாற்றியிருக்கிறார்கள்.

காப்பிக்காரன் ஒருவன் கிண்ணங்களை ஒன்றோடொன்று தட்டி ஒலி எழுப்பிக்கொண்டு வந்தான். கலீலுர் ரஹ்மான் அவனிடம் மாப்பிள்ளையைப் பற்றி அரபியில் கேட்டார். அவனுக்குக் கொஞ்சம் அரபி தெரிந்தது.

"அந்த இந்தியாக்காரரா? சுவரைத் தொட்டுக்கொண்டு போவாரே, அவரா? ஸைத்தூனி வீட்டில் இருக்கிறார்." கையை நடுச்சந்துக்குள் காட்டினான்.

ஸைத்தூனி. பெண் பெயர். நஜீஹா அவரைப் பார்க்காமல் முன்னே நடந்தாள்.

அது ஒரு பலகாரக் கடை. வீட்டு முன்னால் தகரம் இறக்கி, இரண்டு பெஞ்சு. அகலமான ஒரு பெண் தேங்காய்ப் பாலில் பயறு வெந்த பெரிய பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கரிமூட்டையை அவிழ்த்து, காது கிழியும்படி அவளைத் திட்டினான். அவள் அதைவிடச் சத்தமாகத் திருப்பிக் கொடுத்துச் சிரித்தாள். அவர்களுக்குப் பின்னால், தாழ்ந்த துருவுபலகையில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு ஆள் தேங்காய் துருவினான். லுங்கி, பனியன். முழங்கை வரை வெள்ளைப் பூ ஒட்டியிருந்தது. மூடி கையில் சீராகச் சுழன்றது. துருவி முடித்ததும் பக்கத்தில் துழாவி அடுத்த மூடியை எடுத்தான்.

தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்க விடாமல் அவர்கள் வைத்திருந்த மாப்பிள்ளை. கலீலுர் ரஹ்மானால் அங்கே பார்க்க முடியவில்லை. தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

நஜீஹா அவன் முன்னால் போய் நின்றாள். அவள் நிழல் அவன் மேல் விழுந்திருக்கும். தலையை நிமிர்த்தி, யாரோ வாடிக்கைக்காரி என்று நினைத்து, "கரிபு" என்று சிரித்தான். கண் அவள் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தது. அவள் அசையவில்லை. அவன் சிரிப்பு மெல்லத் தளர்ந்தது. பானையில் பயறு கொதிக்கும் சத்தம்.

"இன்னைக்கு எந்தப் பக்கம் போனீங்க?" என்று நஜீஹா கேட்டாள்.

அவன் கையிலிருந்த மூடி நின்றது. பிறகு, போனில் சொல்கிற மாதிரியே, தணிந்த குரலில் சொன்னான்.

"எங்கெயும் போகலெ. இன்னைக்கு வெளிச்சம் சரியில்லெ."

அவள் அழத் தொடங்கினாள். ஸைத்தூனி கரண்டியைப் போட்டுவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் ஒரு முக்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டாள்.

"தனியாவா வந்தே?" என்றான் அம்மார்.

"வாப்பா வந்திரிக்காஹ."

அம்மார் பதறி எழுந்தான். தேங்காய்ப் பூ இருந்த சட்டி கவிழ்ந்தது. கையை லுங்கியில் துடைத்து, பெஞ்சுப் பக்கம் திரும்பி, "அஸ்ஸலாமு அலைக்கும் மாமா" என்றான். அங்கே ஒருவரும் இல்லை. கலீலுர் ரஹ்மான் நின்றது தூண் பக்கம். அவர் சத்தமில்லாமல் நான்கைந்து எட்டு நடந்து போய், அந்த சலாம் போய்ச் சேர்ந்த இடத்தில் நின்றுகொண்டு, "வ அலைக்குமுஸ் ஸலாம்" என்று பதில் சொன்னார்.

நஜீஹா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போதும் வாப்பா," என்றாள். "இதெத்தானே நாலு வருஷமாச் செஞ்சோம்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கேட்டுப் பழக்கமில்லாத கேள்வி.

"மாப்பிள்ளை. எப்பலெர்ந்து?"

அம்மாரும் கேள்விக்குப் பழக்கமில்லாதவன். "மாலைக்கண்ணு சின்னதுலெர்ந்தே மாமா. பொறவு ஓரமெல்லாம் மறைஞ்சிக்கிட்டே வந்துது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் மதுரையிலெ காட்டினோம். மருந்து இல்லென்னாங்க. இப்ப நடுவுலெ கொஞ்சம் தெரியிது. இன்னும் எவ்வளவு நாளுன்னு தெரியலெ."

"ஒங்க உம்மாக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பேச்சுவார்த்தை வந்தப்பொ கேட்டோமே. புள்ளெக்கு ஒரு கொறையும் இல்லென்னாஹளே."

"ஆமா. நானும் பக்கத்து ரூம்லெதான் இருந்தேன். பேசாம இருந்தேன்."

கலீலுர் ரஹ்மானுக்குக் காது மடல் சுட்டது. தேராவில் யாராவது இப்படிச் சரக்கை மறைத்துத் தள்ளியிருந்தால் அவன் கடை வாசலை மிதிக்க மாட்டார். இது பெண். எழுந்து, "வாம்மா போவோம்" என்றார்.

"எங்கெ வாப்பா?"

அவர் நின்றபடி நின்றார்.

"எங்கிட்டெ மட்டுமாவது சொல்லியிரிக்கலாமே," என்றாள் நஜீஹா அம்மாரிடம். அழுகை போய்க் கோபம் வந்திருந்தது. "எந்தச் சந்துலெ என்ன வாசம்னு சொல்லத் தெரிஞ்சிது."

"சொன்னா நீ எல்லாத்தையும் இன்னும் கிட்டெக் கொண்டாந்து வைப்பே. சாப்பாட்டை வாயிலெ வைப்பே." அவன் காலால் கவிழ்ந்த சட்டியைத் தேடி நிமிர்த்தினான். "துபாய்லெ ரோடு அகலம். சுவரே இல்லெ. எதெப் புடிச்சு நடக்க? இந்த ஊருக்குச் சுவரு இரிக்கி. இங்கெ யாரும் எதையும் எடுத்துத் தர மாட்டாங்க. இந்தம்மா, தேங்கா அங்கெ கெடக்கு, வேணும்னா எடுத்துத் துருவுன்னுச்சு. கண்ணு முழுசாப் போறதுக்குள்ளெ ஒரு ஊரையாவது கத்துக்கணும்னு நெனச்சேன். அந்த வீட்டுலெயே இருந்தா அதுக்கு முன்னாடியே குருடாயிருவேன். பொறவு, மாமா சோறு போட்டு என்னை உக்கார வைப்பாஹ. உக்காந்துருவேன்."

"அதான் காத்திருக்க வேணாம்னு சொல்லிவிட்டீங்களா?"

"நீ இங்கெ வந்து நிப்பேன்னு நெனைக்கலெ."

"வழி சொன்னது நீங்கதானே."

ஸைத்தூனி மூன்று தட்டில் பயறும் பலகாரமும் கொண்டுவந்து வைத்தாள். தட்டைப் பெஞ்சின் நடுவில் வைத்தாள். யார் கைக்கும் நேராக இல்லை. நஜீஹாவின் கை அம்மாரின் தட்டை நகர்த்தப் போய், பாதியில் நின்று, மடியில் திரும்பி விழுந்தது. அவன் துழாவி எடுத்துக்கொண்டான். கலீலுர் ரஹ்மான் பார்த்துக்கொண்டே ஒரு வாய் சாப்பிட்டார். ருசி தெரியவில்லை.

வெளிச்சம் மஞ்சளாகிக் கூரைத் துருவோடு கலந்தது. "மக்ரிப் ஆகப் போகுது," என்றான் அம்மார். "பள்ளி கிட்டெதான் மாமா." செருப்புக்குக் காலை நீட்டினான். ஒன்று அகப்பட்டது. இன்னொன்று பெஞ்சுக்கடியில் குப்புறக் கிடந்தது. கலீலுர் ரஹ்மானின் முதுகு தானாகக் குனிந்தது.

"வைக்காதீங்க வாப்பா."

குனிந்தவர் அப்படியே நின்றார். தேடி எடுக்க நேரம் பிடித்தது. அந்த நேரம் அவருக்கு ஒரு யுகமாக இருந்தது. அம்மார் செருப்பைக் கண்டெடுத்துப் புரட்டிப் போட்டுக்கொண்டான்.

நஜீஹா ஸைத்தூனியோடு இருந்துவிட்டாள். ஆண்கள் இருவரும் சந்துக்குள் இறங்கினார்கள். அம்மார் முன்னே, இடக்கை சுவரில். அவர் பின்னே. இருட்டு கீழேயிருந்து ஏறியது. தொழுதுவிட்டு வந்ததும் முடிவு சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ரஹீமாவுக்குப் போன் செய்ய வேண்டும். ஊர் ஜமாஅத்தில் வைத்து மகளைப் பிரித்துக்கொண்டு வந்தாலும் அவரை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். மறைத்தது மாப்பிள்ளை வீட்டார்தான். நடந்துகொண்டே அந்தப் பேச்சை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

அம்மார் வேகமாக நடந்தான். தெரிந்த வழி. நான்கடி முன்னால் சாக்கடைக்கு மேல் போட்டிருந்த கல்லை இன்று யாரோ பெயர்த்து ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். சாக்கடை வாய் பிளந்து கறுப்பாகக் கிடந்தது. அவர் எட்டி அவன் கையைப் பிடித்துவிட்டார்.

அம்மார் நின்றான். கை சூடாக, தேங்காய்ப் பாலில் பிசுபிசுத்தது. அந்தக் கையை அவர் இதற்கு முன் ஒரே தடவைதான் பிடித்திருந்தார். நிக்காஹ் சபையில், பெண்ணுக்குப் பொறுப்பாளியான வலியாக எதிரே உட்கார்ந்து, என் மகளை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று வாயால் சொன்னபோது. அன்று அந்த உள்ளங்கை நடுங்கியது. புது மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று நினைத்தார்.

"கல்லைத் தூக்கிட்டாங்களா மாமா?"

"ஆமா."

"எந்தப் பக்கம் மூடாமக் கெடக்கு?"

கலீலுர் ரஹ்மான் குனிந்து பார்த்தார். இருட்டில் சரியாகத் தெரியவில்லை. முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"வலப்பக்கம் முழுசும். இடது சுவரோரம் ஒரு கால் வைக்க எடம் இரிக்கி. நீளமா ஒரு எட்டு போடணும்."

அம்மார் போட்டான். பின்னாலேயே அவரும் போட்டார். அந்தப் பக்கம் போன பிறகும் கையை விடவில்லை. பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மார் திரும்பிய பக்கம் அவரும் திரும்பினார்.